வீட்டிலேயே கார் ரிம்முக்குப் பெயிண்ட் அடிக்கலாம்: ஸ்டெப்னியில் தொடங்குங்கள்

மழை முடிந்த கையோடு காரின் இரும்பு ரிம்மைக் குனிந்து பாருங்கள். மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் ஓடும் வண்டியானால் ரிம்மின் உள்பக்கம் கரிசல் சேறு விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். காய்ந்த பிறகும் அது ஈரத்தை லேசில் விடாது. பெயிண்ட் எங்கெல்லாம் பெயர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் துரு உள்ளே புகுந்து, நல்ல பெயிண்டுக்கு அடியிலும் ஊர்ந்து போகும். வெளியே சின்னச் சின்னக் கொப்புளமாகத் தெரிவது அதுதான். கொப்புளம் தெரிந்த உடனே கவனித்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். கம்ப்ரசர், கன் எதுவும் வேண்டாம்; ஸ்ப்ரே கேன் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நாலு சக்கரத்தையும் கழற்றி, காரைக் கல் மேல் நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பிக்கும் வழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். முதலில் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்குப் பெயிண்ட் அடியுங்கள். அது காய்ந்ததும் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டுங்கள். கழற்றியது அடுத்த வேலை. இப்படியே சுற்றி வந்தால் கடைசியாக முடியும் சக்கரம் ஸ்டெப்னி இடத்துக்குப் போய்விடும். வண்டி ஒரு நாளும் ஜாக்கியில் நிற்காது, அவசரத்துக்கு எடுத்து ஓட்டவும் முடியும்.  ஐந்தும் ஒரே அளவாகவும் ஒரே மாதிரி இரும்பு ரிம்மாகவும் இருந்தால்தான் இந்த முறை சரிப்படும். வெளியே அலாய் என்கிற அலுமினியக் கலவை ரிம், ஸ்டெப்னி மட்டும் சின்ன இரும்பு ரிம் என்று வரும் கார்களில் அந்த ஸ்டெப்னியை நாள்கணக்கில் மாட்டி ஓட்டக் கூடாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் வேக வரம்பைப் பாருங்கள். அந்த மாதிரி வண்டிக்கு, ஓட்டத் தேவையில்லாத நாலைந்து நாளைப் பார்த்து, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துச் செய்யுங்கள்.

எந்த ரிம்மில் கை வைக்கக் கூடாது

நட் துளையைச் சுற்றியோ வெல்டிங் ஓட்டத்தின் ஓரத்திலோ முடி கனத்தில் விரிசல் தெரிந்தால் அந்த ரிம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். கலருக்கு அடியில் முதலில் அடிக்கும் பிரைமர் பட்டால் விரிசல் மறையும், ஆனால் இருந்த இடத்தில் இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது துரு தகடு தகடாக உரிந்து இரும்பு மெலிந்து தெரிந்தாலும் இதே முடிவுதான். ஓரம் வளைந்த ரிம்மை முதலில் பெண்டு எடுத்துவிட்டு வாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு பெண்டு எடுத்தால் இரண்டு வேலையும் வீண்.

அலாயில் இன்னொரு விஷயம். கண்ணாடி போல மின்னும் வெட்டுமுகம் கொண்ட டைமண்ட் கட் ரிம்மை லேத்தில் கடைந்துதான் பழைய பளபளப்புக்குக் கொண்டுவர முடியும், கேனால் ஆகாது. முழுவதையும் ஒரே நிறமாக மாற்றத் தயார் என்றால் மட்டும் இறங்குங்கள். கலருக்கு மேல் நிறமில்லாமல் அடிக்கும் கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் போல் கோடு கோடாகத் தெரிவதும் அரிப்புதான். அந்தக் கோடு முடியும் இடத்தையும் தாண்டி, புது உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். அரைகுறையாக விட்டால் புதுப் பெயிண்டுக்கு அடியிலும் அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

வாங்க வேண்டியவை

14 அங்குல ரிம் ஐந்துக்கு வெளிமுகம் மட்டும் அடிக்க, 400 மி.லி. கேனில் பிரைமர் 3, கலர் 4, கிளியர் 3 வாங்கினால் பற்றாமல் போகாது. உள் வளையத்துக்கும் சேர்த்து என்றால் பிரைமரிலும் கலரிலும் இரண்டிரண்டு கூடுதல். உப்புத்தாளில் 80, 120, 320 நம்பரும், வாட்டர் பேப்பரில் 600 நம்பரும். ஒரு கம்பி பிரஷ், முக்கால் அங்குல மாஸ்கிங் டேப், துடைக்க நூல் உதிராத பழைய வேட்டித் துணி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் அரை லிட்டர், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. முகக்கவசம் கரி ஃபில்டர் வைத்ததாக இருக்கட்டும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ தூசியில் ஒரு பங்கைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது.

பிரைமர், கலர், கிளியர் மூன்றும் ஒரே கம்பெனியில், ஒரே வகையில் வாங்குங்கள். வீட்டு வேலையில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்ஸைடு வீட்டில் இருக்கும், அதையே பிரைமராக அடித்து மேலே ஸ்ப்ரே சில்வர் போடுவார்கள். அந்த ரெட் ஆக்ஸைடு எண்ணெய் வகை, மெதுவாகக் காய்வது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இளகியே இருக்கும். கேனில் உள்ள கடுமையான கரைப்பான் அதன் மேல் பட்டதும் ஊறி உப்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படலம் சுருங்கி எழும்பும். அதற்குப் பிறகு மருந்து கிடையாது, சுரண்டி எடுக்க வேண்டியதுதான். கேட்டுக்கு அடிக்கும் அலுமினியம் பெயிண்டும் ரிம்முக்கு ஒத்துவராது, கையோடு உதிரும்.

அலாயில் வெறும் அலுமினியம் தெரியும் இடத்துக்குச் சாதாரண பிரைமர் பிடிக்காது. எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் கேனை விட உறுதியானது என்பது உண்மை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடிய பொருள் அது. குழந்தைகளும் பெரியவர்களும் நடமாடும் வீட்டில் அதை அடிக்க வேண்டாம். பெயிண்ட் பூத் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கழுவுவதும் தேய்ப்பதும்

கழற்றும் முன் ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கி.

கார் ஷாம்பு போட்டு முன்னும் பின்னும் கழுவுங்கள். உள் வளையத்தில் காய்ந்த கரிசலை மரக்குச்சியால் நெம்பி எடுத்துவிட்டுக் கழுவினால் சீக்கிரம் முடியும். ஸ்டியரிங் ஆடுவதற்கே சில சமயம் இந்த மண்தான் காரணமாக இருக்கும். கிரீஸ் பட்ட இடத்தை மண்ணெண்ணெய் அல்லது டீசல் போட்டுத் துடைப்பது நம் ஊர் வழக்கம். துடைக்கலாம், ஆனால் இரண்டுமே எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அதற்குப் பிறகு ஷாம்பு போட்டு இன்னொரு முறை கழுவியே ஆக வேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். துரு போக டாய்லெட் ஆசிட் ஊற்றுவதும் கூடாது. அதில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தை அரிக்கும், இரும்பில் ஊற்றினால் குளோரைடு தங்கி இரண்டே நாளில் மறுபடி துரு ஏறும்.

டயர் பாலிஷ் போட்ட வண்டியா என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பளபளப்பு சிலிக்கோன். அது ஒரு துளி ரிம்மில் இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி, மீன் கண் போலக் குழி விழும். உப்புத்தாள் போட்டால் போகும் என்று நினைக்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க அது பரவும். அதனால் எப்போதும் முதலில் கழுவி, எண்ணெய்ப் பசை எடுத்த பிறகுதான் உப்புத்தாள். டயரையும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். மதுரையைச் சுற்றிப் பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். அந்த உப்பின் மேல் பிரைமர் அடித்தால் பின்னால் ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் கிளப்பும். கார்ப்பரேஷன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஒரு பக்கெட் போதும். அலசியதும் துணியால் துடைத்து அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள்.

துரு உள்ள இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் 80 நம்பராலும் தேய்த்து, கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் வெள்ளை இரும்பு தெரியும் வரை கொண்டுவாருங்கள். டிரில்லில் மாட்டும் கம்பிக் கிண்ணம் இருந்தால் வேலை பாதி. கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள், கம்பி தெறிக்கும். பெயிண்ட் பிடித்திருக்கும் இடத்தை முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. வெறும் இரும்பும் பழைய பெயிண்டும் சேரும் விளிம்பை 120, பிறகு 320 போட்டுச் சரிவாகக் கரைத்துவிடுங்கள். கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள்; விளிம்பு விரலில் தட்டினால் பெயிண்டுக்குப் பிறகு கண்ணிலும் தட்டும். மீதிப் பரப்பு முழுவதும் பளபளப்பு போய் மங்கும் வரை 320 போடுங்கள். தேய்த்த இரும்பை ராத்திரி அப்படியே வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் விடிவதற்குள் மஞ்சள் துரு பூத்துவிடும். தேய்த்த அன்றே பிரைமர்.

பெயிண்ட் படக்கூடாத இடங்கள்

ரிம் அழகாக இருந்து சக்கரம் கழன்றால் என்ன பயன்? நட் போய் உட்காரும் கூம்புக் குழியிலும், ரிம்மின் பின்பக்கம், சக்கரத்தை மாட்டும் ஹப்போடு ஒட்டி உட்காரும் தட்டை முகத்திலும் புதுப் பெயிண்ட் இருக்கக் கூடாது. அங்கே பெயிண்ட் கனமாக இருந்தால், நட்டை இறுக்கும்போது இறுக்கம் சரியாகத்தான் காட்டும். ஓடி, பிரேக் சூட்டில் பெயிண்ட் இளகி நசுங்கியதும் அந்த இறுக்கம் காணாமல் போய் நட் தளரும். குழியின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தி, கூம்பின் விளிம்பைச் சுற்றிப் புது பிளேடால் வட்டமாக வெட்டி எடுங்கள். பின்பக்கத் தட்டை முகத்தையும் நடுத்துளையின் உள்விளிம்பையும் டேப்பால் மூடுங்கள். வால்வைக் கழுத்து வரை சுற்றிவிடுங்கள்.

டயரைக் கழற்ற வேண்டுமா என்பது துரு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால், டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பஞ்சர் கடையில் கழற்றி வாங்கி, அந்த வளையத்தை 120 போட்டுச் சுத்தம் செய்து மெல்லிய பிரைமர் ஒரே கோட்டு மட்டும் கொடுங்கள். கனமாக அடித்தால் டயர் ஏற்றும்போது உரிந்து, மறுபடி காற்று கசியும்.

துரு வெளிமுகத்தில் மட்டும் என்றால் டயர் இருக்கட்டும். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்குங்கள். டயரின் பக்கச்சுவரைக் காலால் அழுத்தினால் ரிம் விளிம்புக்கும் டயருக்கும் இடையே சந்து கிடைக்கும். அந்தச் சந்தில் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் செருகுங்கள். கெட்டி அட்டை, வழவழப்பு, எந்த வீட்டிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். 14 அங்குல ரிம்மின் வெளி விளிம்பைச் சுற்றினால் ஏறக்குறைய 48 அங்குலம். ஐந்து அங்குல அகல அட்டையை ஒரு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைத்தால் 12 அட்டை. டேப் ஒட்டுவதைவிட இது சுத்தம், விளிம்பின் மடிப்பு வரை பெயிண்ட் இறங்கும். டயர் விளிம்பை ரிம்மிலிருந்து முழுசாக விலக்கிவிடாதீர்கள். விலகினால் மறுபடி உட்காரவைக்கக் கம்ப்ரசர் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

நாளும் நேரமும்

கேன் பெயிண்டுக்குப் பிடித்தது 20 முதல் 30 டிகிரி. மதுரையில் அது தை, மாசியில் காலை எட்டரைக்கு மேல் பதினொன்றுக்குள் கிடைக்கும். மார்கழியில் பனி முழுதாக விலகும் வரை பொறுத்திருங்கள். கத்திரி வெயிலில் செய்தே ஆக வேண்டுமென்றால் காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடியுங்கள். வெயிலேறிய பிறகு அடித்தால் கரைப்பான் காற்றிலேயே ஆவியாகி, பெயிண்ட் பொடியாக வந்து விழும். தொட்டால் சொரசொரக்கும், கிளியர் போட்டாலும் மங்கல் போகாது. உள்ளங்கையை ரிம்மில் வைத்துச் சுகமாகப் பத்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நிழலுக்கு மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கோளாறு வேறு மாதிரி. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து, கறுப்பு நிறமும் கிளியரும் பால் ஊற்றியது மாதிரி வெளுக்கும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, உச்சி நேரத்தில் நிழலில் அடியுங்கள். ஆடியில் இந்த வேலையே வேண்டாம். அம்மியைப் பறக்கவிடும் காற்று புழுதியை விட்டுவைக்காது. 

இடம், மூன்று பக்கம் மறைவும் ஒரு பக்கம் திறப்பும் உள்ள போர்ட்டிகோவாக இருந்தால் நல்லது. மொட்டை மாடியில் அடித்தால் ஸ்ப்ரே புகை பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கும் கீழே நிற்கும் பைக்குக்கும் போகும். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள். கேனில் உள்ள வாயு தீப்பற்றும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கக் கூடாது.

அடிப்பது

ரிம்மைக் கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல் படுக்கவையுங்கள். நிற்கவைத்து அடித்தால் வழியும். ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். இனி வெறுங்கை படக் கூடாது, விரல் வியர்வையே போதும் கெடுக்க. கேனைக் குண்டு உருளும் சத்தம் வந்ததிலிருந்து இரண்டு நிமிடம் முழுசாகக் குலுக்குங்கள்.

20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ரிம்முக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, குறுக்கே ஓட்டி, வெளியே போய் விரலை எடுங்கள். முதலில் துளைகளின் உள்சுவர், பிறகு நட் குழிகளைச் சுற்றி, கடைசியில் முகம். முகத்தை முதலில் அடித்துவிட்டுச் சுவருக்குப் போனால் முகத்தில் இரண்டு மடங்கு சேர்ந்து வழியும். முதல் கோட்டு பரப்பை மூடவே கூடாது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது மாதிரி புள்ளியும் இடைவெளியுமாக இருக்கட்டும். அடுத்த கோட்டு பிடித்து நிற்பது அந்தப் புள்ளிகளில்தான். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, இன்னொரு பத்து நிமிடம் விட்டு மூன்றாவது. ஒவ்வொரு கோட்டுக்கும் வாளியைக் கால் சுற்று திருப்புங்கள்.

பிரைமர் கேனில் போட்டிருக்கும் நேரம் வரை காய்ந்ததும் 600 வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாக ஒரு தடவை தேய்த்து, துடைத்து உலரவிடுங்கள். எங்காவது இரும்பு வெளியே தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர். பிறகு கலரும் இதே மூன்று கோட்டு.

சில்வர், கன்மெட்டல் போன்ற மெட்டாலிக் நிறத்துக்குக் கை கொஞ்சம் மாற வேண்டும். ஈரமாக அடித்தால் அதில் உள்ள அலுமினியத் துகள் ஓர் இடத்தில் மூழ்கி, ஓர் இடத்தில் மிதந்து, திட்டுத் திட்டாகத் தெரியும். கடைசிக் கோட்டை 30 முதல் 35 செ.மீ. தள்ளி, மெல்லப் புகை போல் விட்டால் நிறம் ஒரே சீராகிவிடும். மெட்டாலிக்கில் தூசி விழுந்துவிட்டால் தேய்க்கலாம், ஆனால் தேய்த்த இடத்துக்கு மேல் கலர் போடாமல் நேராகக் கிளியர் போடாதீர்கள். கீறல் கறுப்பாக நிற்கும். நிறம் எது என்று கேட்டால், இந்த ஊர்ப் புழுதிக்குச் சில்வரும் கன்மெட்டலும்தான் தாங்கும். மேட் கறுப்பு முதல் வாரம் கண்ணைப் பறிக்கும். அப்புறம் பிரேக் தூளும் போர் தண்ணீர்த் திட்டும் ஒன்றுவிடாமல் அதில் தெரியும். மேட்டைப் பாலிஷ் போட்டு மீட்கவும் முடியாது.

கிளியர் போட எத்தனை நேரத்துக்குள் அல்லது எத்தனை நாள் கழித்து என்பது கேனில் அச்சடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில், கலர் அரைகுறையாக இறுகிய நேரத்தில் போட்டால் சுருங்கும். இதை மட்டும் ஊகத்துக்கு விடாதீர்கள். முதல் கிளியர் மெல்லியது, அடுத்த இரண்டும் பரப்பு நனைந்து பளபளக்கும் அளவுக்கு. எங்காவது வழிந்துவிட்டால் விரலாலோ துணியாலோ தொடாமல் விடுங்கள். ஒரு வாரம் இறுகட்டும். பிறகு 1200 நம்பரை ஒரு தட்டை மரத்துண்டில் சுற்றித் தண்ணீர் விட்டு வழிந்த இடத்தை மட்டும் தட்டையாக்கி, 2000 போட்டு, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றினால் தடம் தெரியாது.

மாட்டுவது

கடைசிக் கிளியர் போட்ட அரை மணியில் டேப்பையும் அட்டைகளையும் எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் விளிம்பில் பெயிண்டும் சேர்ந்து உரியும். ஒரு நாள் முழுவதும் அப்படியே கிடக்கட்டும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. நட் குழியில் பெயிண்ட் கசிந்திருந்தால் மாட்டும் முன் சுரண்டி எடுங்கள். காற்றடித்து, வால்வில் சோப்பு நுரை வைத்துக் கசிவு பாருங்கள். 

நட் ஏறும் கம்பியான ஸ்டட்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். மரை வழுக்கினால் அதே இறுக்கத்துக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டுகளைக் கையால் கடைசி வரை ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஜாக்கியை இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் முடியுங்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு இது 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் சாக்கெட்டின் வெளியே இரண்டு சுற்று டேப் போட்டால் புதுப் பெயிண்டில் கீறல் விழாது. 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி அதே அளவுக்குச் சரிபாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்த ரிம்முக்கு இது கட்டாயம்.

தேய்க்கும்போது பேலன்சிங் ஈயம் கழன்றிருந்தால் டயர் கடையில் புதிதாகப் பேலன்ஸ் பாருங்கள். பெயிண்ட் முழு பலம் பெற ஒரு வாரமாவது ஆகும். அதுவரை சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீரோ ஆசிட் கலந்த வீல் கிளீனரோ படவிடாதீர்கள்.

மிச்சமுள்ள கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும் வரை ஒரு விநாடி அழுத்தி மூக்கைச் சுத்தம் செய்துவிட்டு, நிழலான அலமாரியில் வையுங்கள். அதை டிக்கியில் போட்டுவைக்கக் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடேறினால் கேன் வெடிக்கலாம். சித்திரையில் வெயிலில் நிறுத்திய மூடிய கார் அந்தச் சூட்டைத் தொட அதிக நேரம் எடுக்காது.